நூறு குவார்ட்டர்ஸ் போனது, ஆசிரமம் நிற்கிறது: பழைய கட்டடங்களைக் காப்பது எது?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பக்கம் பழக்கமுள்ளவர்களுக்கு ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்றால் விளக்கம் தேவையில்லை. இரயில்வே ஊழியர்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட வரிசை வீடுகள் அவை. 2010-களின் நடுவில் அவற்றை இடித்துவிட்டார்கள்.

அதே வட்டாரத்தில், ஜாலான் துன் சம்பந்தனில், 1904-ஆம் ஆண்டு கட்டடமான விவேகானந்தா ஆசிரமம் இன்றும் நிற்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. ஒன்று போக, மற்றொன்று எப்படித் தப்பியது?

முதலில் இந்த இடத்தின் கதை. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரம் மீண்டும் எழும்பியது. அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரும் அப்படி வந்ததே. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இரயில்வே கிடங்கும் பட்டறையும் வந்தன. தண்டவாள வேலைக்குத் தமிழகத்திலிருந்தும், குமாஸ்தா, நிலைய அதிகாரி வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பியது. அருகிலுள்ள பௌத்த விகாரை சிங்களவர்களுடையது. அந்தப் பழைய இரயில்வே நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குவார்ட்டர்ஸ் என்பது வேலையோடு வரும் வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டதும் கம்போங் மேடான் போன்ற இடங்களுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் வீடு முதலாளியுடையது, நிலமும் அவருடையது. குடியிருந்தவர் கேட்கக்கூடியது மாற்று வீடு அல்லது இழப்பீடு. வீட்டை நிறுத்தி வையுங்கள் என்று கேட்க அவரிடம் பத்திரம் இல்லை.

அங்கேதான் சட்டம் வருகிறது. 1976-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டம் பெரும்பாலும் நூறு ஆண்டு கடந்தவற்றையே பார்த்தது. அதற்குப் பதிலாக வந்த 2005 தேசிய பாரம்பரியச் சட்டம் வயதை மட்டும் அளப்பதில்லை. வரலாறு, கட்டட அமைப்பு, சமூகத்தோடு உள்ள தொடர்பு ஆகியவையும் கணக்கில் வரும். ஓர் இடத்தைப் பாரம்பரியத் தளமாகப் பதிய பாரம்பரிய ஆணையருக்கு அதிகாரம் உண்டு. உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்பு போகும். அவர் ஆட்சேபம் சொல்லலாம். பதிவான பிறகு அனுமதியின்றி இடிக்கக் கூடாது.

ஆசிரமத்துக்கு நடந்தது இதுதான். 2014-இல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியானதும் பொதுமக்கள் எதிர்த்தார்கள், கையெழுத்து திரட்டினார்கள். 2016-இல் அது பாரம்பரியத் தளமாக அரசிதழில் பதிவானது.

ஆசிரமத்துக்காகக் குரல் கொடுக்க நாடு முழுதும் ஆள் இருந்தார்கள். முன்னால் சிலையும் இருந்தது. குவார்ட்டர்ஸில் இருந்தவை கொடிக்கயிறும் சைக்கிளும் அடுப்படியும்தான்; சாதாரண வீடுகளைப் பாரம்பரியம் என்று நினைக்க நமக்கே பழக்கமில்லை. 2010-இல் ‘லிட்டில் இந்தியா’வாக அறிவிக்கப்பட்டு வளைவுகளும் வண்ணங்களும் பெற்ற ஊரில் அதன் பழைய குடியிருப்பு போய்விட்டது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

தேசிய பாரம்பரியமாக ஓர் இடத்தை அறிவிக்கும்படி பொதுமக்களில் யாரும் முன்மொழியலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படி முன்மொழியும்போது கட்டடத்தின் வரலாற்றைக் காட்ட வேண்டியிருக்கும். தாத்தாவின் வேலை நியமனக் கடிதம், வீட்டு எண் தெரியும் பழைய புகைப்படம், கோயில் திருவிழா நோட்டீஸ் போன்றவை அதற்குத்தான் உதவும். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது இவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன.