‘செல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழாக்கமும்

பொதுவழக்கிலுள்ள ஒரு சொல் பல துறைகளிற் புகுந்து, ஒவ்வொன்றிலும் வேறுவேறு பொருள் பெறுதல் ஆங்கிலத்தில் மிகுதியாகக் காணப்படும் இயல்பாகும். அத்தகைய சொல்லைத் தமிழாக்குவோர், மூலச்சொல்லின் ஒருமையைப் பேணுவதா, துறைக்கொரு சொல் ஆக்குவதா என்னும் வினாவை எதிர்நோக்குகின்றனர். ‘செல்’ என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சிற்றறை, சேமிப்பறை எனப் பொருள்படும் ‘செல்லா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது இது. உரோமக் கோயிலின் கருவறைக்கும் அதுவே பெயர். துறவியர் உறையும் தனியறை, சிறைக்கூடம், தேனடையின் கண்ணறை ஆகிய யாவும் ஆங்கிலத்தில் ‘செல்’ எனப்பட்டன. 1665இல் றொபேட் ஹூக், ‘மைக்கிறோகிராபியா’ என்னும் தமது நூலில், நுணுக்குக்காட்டியினூடாகத் தக்கைச் சீவலிற் கண்ட நுண்ணறைகளுக்கும் இப்பெயரையே வழங்கினார். ஒரு கன அங்குலத் தக்கையில் அவை 120 கோடிக்கும் மேற்பட்டவை என்பது அவர் கணக்கு. ஆயின், அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்களே. 1838, 1839ஆம் ஆண்டுகளிற் சிலெயிடனும் சுவானும் தாவரத்துக்கும் விலங்குக்கும் அடிப்படை அலகு இதுவெனக் கொண்டனர். சுவரன்றி உள்ளிருக்கும் உயிர்ப்பொருளே முதன்மையானது என்பது பின்னர் தெளிவாயிற்று. விலங்கின் ‘செல்’லுக்குச் சுவரே இல்லை. ஆங்கிலம் பெயரை மாற்றாது, பொருளை மட்டும் மாற்றிக்கொண்டது.

இலங்கைப் பாடநூல்கள் இதனைக் ‘கலம்’ என்றன. கலம் என்பது பாண்டம். மரக்கலத்தையும் பன்னிரு மரக்கால் கொண்ட முகத்தலளவையையும் குறிப்பதுண்டு. அறை என்னும் உருவகம் கைவிடப்பட்டு, கொள்கலம் என்னும் உருவகம் இங்கு இடம்பெற்றது. ஹூக் கண்ட தக்கைக்கு அது அத்துணை பொருந்தாதெனினும், பாயத்தையும் கருவையும் தன்னகத்தே கொண்ட உயிர்க்கலத்துக்கு மூலச்சொல்லினும் நன்கு பொருந்துகின்றது என்பதே எமது துணிபு. மின்னியலிலும் அஃதே. 1800இல் வோல்ற்றா விவரித்த அமைப்புகளுள் ஒன்று, உப்புநீர் நிறைந்த கிண்ணங்களை உலோகத் துண்டுகளால் வரிசையாக இணைத்ததாகும். ஆகவே மின்கலம், தானியல் கலம் என்பன இயல்பாகவே அமைந்தன. ஞாயிற்றுக் கலத்திலோ பாயம் எதுவுமில்லை. அங்குப் பெயர் வழக்குப்பற்றியே நிற்கின்றது.

தமிழகத்தார் ‘செல்’ என ஒலிபெயர்த்தும் ‘உயிரணு’ எனப் பெயர்த்தும் வழங்குவர். முன்னையதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘செல்’ தமிழிற் கறையானுக்கும் பெயர். செல்லரித்த ஏடுகளை நாம் நன்கறிவோம்.

தொலைத்தொடர்பில் ‘செல்’ என்பது அறையுமன்று, பாண்டமுமன்று. ஓர் அலைபரப்பு நிலையத்தின் ஆளுகைக்குட்பட்ட நிலப்பரப்பாகும். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இம்முறை முன்மொழியப்பட்டபோது அப்பரப்புகள் அறுகோணங்களாகக் கருதப்பட்டன. தேனடையே மீண்டும் வந்துவிட்டது எனலாம். இங்கும் ‘கலம்’ என்றே பெயர்ப்பின், கப்பல் பேசுவதாக எண்ண இடமுண்டு. நம்மவர் மூலச்சொல்லை விடுத்துக் ‘கைத்தொலைபேசி’ என்றமை நன்றாயிற்று.

இனி, கலம் என்னும் சொல்லாட்சியில் உள்ள உண்மையான குறைபாட்டை நோக்குவோம். குருதியிலுள்ள உயிரலகுகள் ‘குருதிக்கலங்கள்’. குருதி பாயும் வழிகளோ ‘குருதிக்கலன்கள்’. இரண்டையும் வேறுபடுத்துவது ஓர் ஈற்றெழுத்தே. நிலம் நிலன் என்றும், கலம் கலன் என்றும் மகர ஈறு னகரமாய் வருதலை இலக்கணம் இறுதிப்போலி எனக் கொள்ளும். பொருள் வேறுபடாமையே போலியின் இலக்கணம். தமிழ் வகுப்பில் இவ்விரண்டும் ஒன்றெனக் கற்கும் மாணவன், அடுத்த பாடவேளையில் உயிரியல் ஆசிரியரிடம் அவை வேறெனக் கேட்கின்றான். விடைத்தாளில் அவன் ஓரெழுத்தைப் பிறழ எழுதின், அது அறியாமையோ எழுத்துப்பிழையோ எனத் துணிவது திருத்துவோருக்கும் அரிது.

‘கலம்’ நிலைபெற்றுவிட்டது, அதனை மாற்றுதல் வேண்டா. மாற்றத்தக்கது கலனே. நாடி, நாளம் என்பன முறையே இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வனவற்றுக்கும் இதயத்துக்கு மீளக் கொணர்வனவற்றுக்கும் உரியவாகிவிட்டமையால், இரண்டையும் அடக்கும் பொதுப்பெயராகக் ‘குருதிக்குழாய்’ என்பதைக் கொள்ளலாம். அவ்விரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய வழிகளை நமது பாடநூல்களே மயிர்த்துளைக்குழாய் என்றுதானே வழங்குகின்றன.