தொலைதூர சைக்கிளுக்கு எந்த கியர் லிவர்?

சுமையோடு நாள்கணக்கில் சைக்கிளில் போகக் கிளம்புகிறவர்கள் சட்டத்தையும் டயரையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். கியர் லிவரைக் கடைக்காரர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். ஏற்ற இறக்கமுள்ள பாதையில் நாள் முழுக்கக் கை போய்க்கொண்டே இருப்பது அந்த லிவருக்குத்தான்.

லிவர் ஒரு கம்பிக் கேபிளை இழுக்கிறது. கேபிள், பின்சக்கரத்தருகே இருக்கும் டெரெய்லரை நகர்த்துகிறது. டெரெய்லர் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுகிறது. பழைய லிவர்களில் எவ்வளவு இழுப்பது என்பது ஓட்டுகிறவரின் கைக்கணக்கு. செயின் கரகரவென்றால் ஒரு நூல் தள்ளினால் போதும், சத்தம் அடங்கிவிடும். 1984இல் ஷிமானோ நிறுவனம் டியூரா-ஏஸ் வரிசையில் சொடுக்கு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் கேபிள் அளந்துவைத்தபடி நகரும். 1990இல் பிரேக் பிடிக்குள்ளேயே கியரும் வந்து சேர்ந்தது.

பிரேக்கோடு சேர்ந்த இந்த லிவர், ஓட்டுவதற்கு மிகச் சுகமானது. கை பிடியை விட்டு அகலவே வேண்டாம். ஆனால் உள்ளே பொடிப் பொடியான பற்களும் ஸ்பிரிங்குகளும். பல மாடல்களில் கேபிள், பிடிக்குள் இறுக்கமாக வளையும் இடத்தில் ஒவ்வொரு இழையாக அறுந்து, கடைசியில் அதன் தலை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஊரே இல்லாத சாலையில் அதை எடுப்பது பெரும்பாடு.

நெடும்பயணத்துக்கு நான் சொல்வது, வளைந்த ஹேண்டில்பாரின் நுனியில் செருகும் பார்-எண்ட் லிவர். சர்லி நிறுவனத்தின் புகழ்பெற்ற லாங் ஹால் டிரக்கர் சைக்கிளிலும் இதுதான் இருந்தது. சைக்கிள் வலப்பக்கம் சரிந்து டெரெய்லரைத் தாங்கும் காது வளைந்துவிட்டால், சொடுக்குக் கணக்கு முழுவதும் தப்பிப்போகும். ஷிமானோவின் 9 வேக பார்-எண்டில் ஒரு சிறு வளையத்தைத் திருப்பினால் சொடுக்கு விலகி, லிவர் பழைய கைக்கணக்குக்கு மாறிவிடும். அடுத்த ஊர் வரை வண்டி ஓடும். குறையும் உண்டு: திரும்பும்போது முழங்கால் இடிக்கலாம், பிரேக்கிலிருந்து கையை எடுத்துத்தான் கியர் மாற்ற வேண்டும்.

வாங்குமுன் பொருத்தம் பாருங்கள். ஷிமானோவின் 9 வேக சாலை லிவர், அதன் 9 வேக மலைச் சைக்கிள் பின் டெரெய்லரோடு சேரும். 10 வேகத்தில் சேராது. எந்த லிவரானாலும், பையில் ஒரு மாற்று கேபிள் இருக்கட்டும். கிளம்புமுன்பே வீட்டில் அதை மாற்றப் பழகிக்கொள்ளுங்கள்.