வெயிலும் ஒரு பேரிடரே

புயலும் வெள்ளமும் ஆரவாரத்தோடு வரும். வெயிலோ ஓசையின்றிக் கொல்லும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியசைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தினும் 1,344 பேர் கூடுதலாக மாண்டதைப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. மாநகராட்சி, இந்திய அறிஞர்களோடும் அமெரிக்க அறிஞர்களோடும் கூடி 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் இதுவே முதலாவது.

வெப்பம் 45 பாகையை எட்டுமென்று வானிலைக் கணிப்பு கூறினால் சிவப்பு எச்சரிக்கை. மருத்துவமனைகள் ஆயத்தமாகும், தண்ணீர்ப் பந்தல்கள் பெருகும். பிற்காலத்தில் ஏழையர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையும் அடித்தனர். சுண்ணாம்பு அடிக்க அமெரிக்கா வரை போகவேண்டுமா என்று நண்பர்கள் நகைக்கலாம். சுண்ணாம்பு நம்மிடம் என்றும் உண்டு. சாவுப் பதிவேட்டையும் வெப்பப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, எத்தனை பாகையில் சாவு பெருகுகிறது என்று கண்டறிந்ததே கூட்டுழைப்பின் பயன்.