திரும்பும் தேதி தெரியாதபோது

"எப்போ திரும்புவீங்க, பாட்டி?" என்று கேட்டேன்.

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்!"

பகாவ் தோட்டத்தில் வாழும் என் பாட்டி, சிறுமியாக ரஜுலா கப்பலில் வந்தவர். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி இப்போது படுத்த படுக்கை. திருச்சிக்கு டிக்கெட் எடுக்கும் பொறுப்பு எனக்கு.

மலிவு டிக்கெட்டில் தேதியை மாற்றத் தனிக் கட்டணம் உண்டு. சற்று விலை கூடிய, தேதி மாற்றத்தக்க டிக்கெட்டில் அது பெரும்பாலும் இல்லை. ஆனால் புதிய நாளில் விலை ஏறியிருந்தால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். விமானம் புறப்படும் முன்பே மாற்றிவிட வேண்டும். விசா அனுமதித்த நாள்களையும் தாண்டக்கூடாது. நண்பர்களே, நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாட்டிக்காக இருமுறை தேதியை மாற்றினேன். தம்பியின் காரியம் முடிந்த பிறகுதான் அவர் திரும்பினார்.