வலைவெட்டுக் கிண்ணம்: ஒரு கலைச்சொற்குறிப்பு

ஜெர்மனியின் கொலோன் நகரில், பிரவுன்ஸ்ஃபெல்ட் பகுதியில், கிரேக்க வாழ்த்துரை தாங்கிய உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று 1960-இல் கிடைத்தது. அது கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஒரே தடித்த கண்ணாடியைக் குடைந்து செதுக்கியதால், கிண்ணத்தைச் சுற்றிக் கண்ணாடி வலை நிற்கிறது. நுண்ணிய பாலங்கள் இரண்டையும் இணைக்கின்றன.

இவ்வகைக் கலத்தை அறிஞர் 'டயாட்ரீட்டம்' என்பர். இச்சொல்லின் கிரேக்க வேர் 'ஊடுருவத் துளைத்தல்' எனப் பொருள்படும். 'துளைக் கிண்ணம்' எனப் பெயர்த்தால் ஒழுகும் கலமெனத் தோன்றும். ஆங்கில வழக்கைப் பின்பற்றிக் 'கூட்டுக் கிண்ணம்' எனின், 'கூடு' மறைந்து, பல துண்டுகளை ஒட்டிய கலம் என்னும் பொருளே முந்தும்.

இப்பெயர் கொண்ட கிண்ணத்தைச் செய்கையில் உடைத்த கைவினைஞர், திறமைக்குறைவால் உடைத்திருப்பின் பொறுப்பாவார். கண்ணாடியிலேயே விரிசல் இருந்திருப்பின் விலக்குப் பெறலாம் என்பது உரோமச் சட்ட அறிஞர் உல்பியனின் கருத்து. ஒட்டிய கலமெனக் கொண்டால் இவ்வேறுபாட்டின் காரணம் விளங்காது. ஆதலின், செய்முறையைச் சுட்டும் 'வலைவெட்டுக் கிண்ணம்' என்பதே ஏற்புடைத்து.