மரம் அறுக்கும் மெஷின் விரலையும் அறுக்கும்!
வாட்ச், கயிறு, கையுறை எல்லாமே ஆபத்து

சென்னையில் புது வீடு கட்டும் தெரு எதில் நுழைந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். "கிர்ர்ர்...!" கதவுக்கும் அலமாரிக்கும் பிளைவுட் அறுபடுகிறது. அறுப்பது கைரம்பம் அல்ல. கரண்டில் ஓடும் வட்ட ரம்பம்.

அரை நாள் வேலையை அரை மணியில் முடித்துத் தரும். அசந்தால் விரலையும் எடுத்துக்கொள்ளும். கட்டை விரல் போன ஆசாரிக்கு உளி பிடிப்பது எப்படி? சுத்தியல் பிடிப்பது எப்படி? கூலி போனால் வீட்டில் உலை ஏறாது.

10 அங்குல பிளேடு ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 50 சுற்று. பிளேடில் 40 பல் இருந்தால், ஒரே வினாடியில் 2,000 பல் கடந்து போகும். பல் ஓடும் வேகம் மணிக்கு 140 கிலோ மீட்டருக்கும் மேல்! "பட்டதும் கையை இழுத்துக்கலாம்" என்பதெல்லாம் நடக்காத கதை.

பறந்து வரும் கட்டை

கை தவறி பிளேடு மேல் படுவது மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான்.

பிளேடின் முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பல்லோ மேலே எழும்பி வரும். ஈரம் காயாத மரம் அறுபட அறுபட வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அல்லது கட்டை கைடு சட்டத்தை விட்டுக் கோணலாகத் திரும்பும். அவ்வளவுதான், பின்பக்கப் பல் கட்டையைத் தூக்கி, அறுப்பவர் மேலேயே வீசும். வயிற்றில் அடிக்கும், நெஞ்சில் அடிக்கும். கட்டை பறந்துவிட்டதால், அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை அப்படியே பிளேடு மேல் போய் விழும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு எஃகுத் தகடு நிற்கிறது. அறுத்த வாய் மூடாமல் அது பார்த்துக்கொள்ளும். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளே இந்தத் தகடு, மேல்மூடி, தள்ளுகட்டை மூன்றும் வேண்டும் என்று சொன்னவை. ஆனால் மெஷின் பட்டறைக்கு வந்ததும் முதலில் கழன்று மூலைக்குப் போவது இந்தத் தகடும் மூடியும்தான்! கேட்டால், "மூடி இருந்தா கோடு தெரியாது சார்" என்பார்கள். மூடிக்காவது அந்தச் சாக்கு உண்டு. பிளேடு உயரத்துக்குக் கீழே நிற்கும் பின்தகடு யார் கண்ணை மறைக்கிறது?

தலைகீழ் மெஷின்

சைட்டில் நிலைமை இன்னும் மோசம். கையில் பிடித்து அறுக்கும் கட்டர் மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் பலகைக்கு அடியில் போல்ட் போட்டுவிடுகிறார்கள். மேலே பிளேடு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மூடி கிடையாது, தகடு கிடையாது. மார்பிள் அறுக்கும் 4 அங்குல மெஷின்கள் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கும் மேல் போகக்கூடியவை. மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டுவது, வினையை விலை கொடுத்து வாங்குவது.

சுவிட்சையும் அழுத்தி லாக் செய்துவிடுகிறார்கள். அது பலகைக்கு அடியில். அவசரத்துக்கு யார் குனிந்து தேடுவது? "டேய் தம்பி, பிளக்கைப் பிடுங்குடா!" என்று மேஸ்திரி கத்தி, பையன் ஓடுவதற்குள் காரியம் கெட்டுப்போகும். முழங்காலால் தட்டினால் நிற்கும்படி மேஜையின் முன்பக்கம் ஒரு பெரிய சுவிட்சு வைக்க எலக்ட்ரீசியனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்ற காப்புரிமை வக்கீல் 1999-ல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். தோல் பட்டதும் பிளேடில் ஓடும் சின்ன மின்சார சிக்னல் மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லைக் கவ்வும். ஒரு வினாடியில் 200-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் பிளேடு நின்றுவிடும்! சாசேஜை வைத்துச் சோதித்துக் காட்டியவர், பிறகு தன் விரலையே வைத்தும் காட்டினார். 2004-ல் மெஷின் விற்பனைக்கு வந்தது. ஆனால் சைட் ஆசாரிக்குக் கட்டுப்படியாகும் விலை அல்ல.

காசு செலவில்லாத காப்பு

ஒரு முழ ரீப்பர் துண்டு போதும். நுனியில் கட்டையைக் கவ்வும்படி ஒரு வெட்டு. இதுதான் தள்ளுகட்டை. கடைசி ஓர் அடி மரத்தைக் கையால் தள்ளவே கூடாது. பல் பட்டால் தள்ளுகட்டைதானே போகும்!

பிளேடு மரத்துக்கு மேல் ஒரு பல் உயரம் நீட்டினால் போதும். நிற்பது பிளேடுக்கு நேராக அல்ல, ஒரு பக்கமாக. இடித்த வீட்டின் பழைய மரம் என்றால் காந்தம் வைத்து ஆணி தேடிய பிறகே மெஷினில் விட வேண்டும். ஓடும்போது துண்டுகளை விரலால் தட்டிவிடுவது பெரிய வம்பு. ஆஃப் செய்த பிறகும் பிளேடு சில வினாடி சுற்றும். சத்தம் குறைந்ததும் கையை நீட்டுகிறவர்கள் உண்டு.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஆனால் கையுறை கூடாது! துணியைப் பல் பிடித்தால் கையோடு சேர்த்து இழுக்கும். வாட்ச், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு, தோளில் தொங்கும் துண்டு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கயிற்றை அவிழ்க்க மனம் வராவிட்டால் மேல்கைக்கு ஏற்றி இறுக்கிக் கட்டலாம்.

விரல் துண்டானால்...

துண்டான விரலை நேராக ஐஸில் போடுகிறார்கள். தவறு! சதை உறைந்து கெட்டுவிடும். நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தின் மேல் சுத்தத் துணியை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். வட சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. ஆளும் பையும் ஒரே வண்டியில் போக வேண்டும்.