கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி ஹாலுக்கு எதிரே 12 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. பளிச்சென்ற ரோஸ் நிற நாற்காலிகள். வெயில் நாட்களில் நீரூற்றை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில் குழந்தைகள் உடுப்பு நனைய ஓடுகிறார்கள். பெரியவர்கள் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு கிடையாது. கிராண்ட் பார்க் என்று 2012இல் திறக்கப்பட்ட இது, இப்போது மறைந்த கவுண்டி மேற்பார்வையாளர் குளோரியா மோலினாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இந்தப் பூங்கா பிறந்த விதம் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பக்கத்து மேட்டில் உள்ள பொது நிலத்தில் ஹோட்டலும் கடைகளும் குடியிருப்புகளும் கட்ட ரிலேட்டட் நிறுவனம் முன்வந்தது. கவுண்டியும் நகரமும் சேர்ந்து அமைத்த ஆணையம், குத்தகைப் பணத்தில் 5 கோடி டாலரை முன்கூட்டியே வாங்கிப் பூங்காவுக்கென்று ஒதுக்கியது. உள்ளூர் ஆட்களுக்கு வேலை, ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் குறைந்த வருமானத்தாருக்கு என்ற நிபந்தனைகளும் சேர்ந்தன. அடுத்து வந்தது 2008 நிதி நெருக்கடி. கோபுரங்கள் எழவில்லை. ஆனால் பணம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்ததால் பூங்கா எழுந்தது. ஃப்ராங்க் கெரி வடிவமைத்த அந்தக் கட்டடத் தொகுதி, ‘தி கிராண்ட்’, 2022இல்தான் திறந்தது. ‘கட்டடம் முடிந்த பிறகு பூங்கா’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், 2012இல் பிறந்த குழந்தை அந்தத் தண்ணீரில் கால் நனைக்கப் பத்து வயது வரை காத்திருந்திருக்கும்.

பொது நிலத்தை வளர்ச்சிக்குக் கொடுக்கும்போதெல்லாம் ‘வேலை வேண்டுமா, பூங்கா வேண்டுமா?’ என்று நம்மைக் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும், இரண்டும் முடியும். எண்ணிக்கை, தேதி, தவறினால் அபராதம் ஆகிய மூன்றும் நிலம் கைமாறும் முன் எழுத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். கைமாறிய பிறகு கவுண்டியிடம் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

எங்கே ஏமாறுகிறோம்?

முதலாவது, வேலைக் கணக்கு. ‘ஆயிரக்கணக்கான வேலைகள்’ என்று சொல்லும்போது, இரண்டு வருடத்தில் முடியும் கட்டுமான வேலையும் வாரத்துக்குச் சில மணி நேரக் கடை வேலையும் ஒரே கூட்டுத்தொகையில் வந்துவிடலாம். முழுநேரம் எத்தனை, பகுதிநேரம் எத்தனை, தற்காலிகம் எத்தனை, மணிக்கு என்ன கூலி என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ‘இரண்டாம் கட்டம்’. விளையாட்டுத் திடலும் நூலகமும் பெரும்பாலும் அதில்தான் வைக்கப்படும். சந்தை சரிந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

மூன்றாவது, நிலத்தின் விலை. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி கவுண்டி, இடிக்கப்பட்ட ஒரு நெடுஞ்சாலை இருந்த நிலத்துக்கு 2004இல் உள்ளூர் வேலை, நியாயமான கூலி, மலிவு வீடு என்று நல்ல நிபந்தனைகளை வகுத்தது. நிலத்தின் பெரும்பகுதி பத்தாண்டுக்கும் மேலாகக் காலியாகவே கிடந்தது. நிபந்தனைதான் காரணம் என்றார்கள் சிலர். பொருளாதாரச் சரிவு என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் 2015இல், புதிய கூடைப்பந்து அரங்கத் திட்டத்துக்காக ஏறத்தாழ 10 ஏக்கர் ஒரே ஒரு டாலருக்குப் போனது. பிறகு தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று அணி உரிமையாளர்களோடு பேசி, அரங்க ஊழியர்களின் கூலி படிப்படியாக மணிக்கு 15 டாலரை எட்ட ஒப்பந்தம் வாங்கியது. இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. நிறைவேற்றவே முடியாத நிபந்தனையால் நிலம் தரிசாகும். அவசரத்தில் கொடுத்தால் நிலமும் போகும், பேரமும் போகும்.

நம் உரிமைகள்

கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா, அலமீடா போன்ற கவுண்டிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. ‘விசாவில் இருக்கிறோம், ஓட்டு இல்லை, நமக்கென்ன?’ என்று ஒதுங்குவோரும் உண்டு. வீட்டு வாடகையிலும் வாங்கும் பொருளிலும் வரி செலுத்துபவர்கள் நாம். சட்டமும் நம்மை ஒதுக்கவில்லை.

1953இல் வந்த கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி, கவுண்டி, நகர அமைப்புகள் தங்கள் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். குடியுரிமை உள்ளவரோ இல்லாதவரோ, யாரும் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுபவருக்கு, உடனடி மொழிபெயர்ப்புக் கருவி இல்லாத இடத்தில், இரு மடங்கு நேரம் தர வேண்டும். ஆங்கிலம் வராத அம்மாவும் அப்பாவும் தமிழிலேயே பேசலாம். நில பேரத்தை மூடிய அறையில் நடத்த அனுமதி உண்டு. ஆனால் விலை, பணம் செலுத்தும் விதம் பற்றி மட்டும். எந்த நிலம், யாரோடு பேச்சு என்பதை முன்னதாக வெளியே அறிவிக்க வேண்டும்.

பொது ஆவணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் ஒப்பந்த நகல் கேட்கலாம். தர முடியுமா முடியாதா என்று பொதுவாக 10 நாளில் பதில் வர வேண்டும்.

உபரி நிலச் சட்டப்படி, தேவையில்லாத நிலத்தை விற்கும் முன், பொதுக் கூட்டத்தில் ‘உபரி’ என்று தீர்மானம் போட வேண்டும். பிறகு மலிவு வீடு கட்டுவோர், பூங்கா அமைப்புகள், பள்ளி மாவட்டங்களுக்கு முதல் வாய்ப்பு. விருப்பம் தெரிவிக்க 60 நாள், பேச்சுக்கு 90 நாள். விதிவிலக்குகளும் உண்டு. எனவே ‘விலக்கு பெற்ற உபரி நிலம்’ என்ற சொல் நிகழ்ச்சி நிரலில் தென்பட்டால், காரணத்தைக் கேளுங்கள்.

கவுண்டியோ நகரமோ, நிலத்தைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது உட்பட, வளர்ச்சியின் பெயரில் 1 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் சலுகை கொடுத்தால், பொது விசாரணை நடத்தி, முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம் என்று வேலைகளைப் பிரித்து வெளியிட வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் நடந்தது என்ன என்று அறிக்கையும் தர வேண்டும்.

தவறு நடந்தால்

நிகழ்ச்சி நிரலில் இல்லாத முடிவு எடுக்கப்பட்டால், ‘திருத்துங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். திறந்த கூட்டத்தில் நடந்த நிகழ்ச்சி நிரல் மீறலுக்கு 30 நாள்தான் கெடு. மற்றவற்றுக்கு 90 நாள். கவுண்டிக்குத் திருத்த 30 நாள் அவகாசம். திருத்தாவிட்டால் 15 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். கெடுக்கள் குறுகியவை, வழக்கறிஞரை முன்னதாகவே பாருங்கள்.

உபரி நில விதி மீறப்பட்டால் மாநில வீட்டுவசதித் துறைக்குப் புகார் எழுதலாம். முதல் மீறலுக்கு நிலத்தின் மதிப்பில் 30 சதவீதம் அபராதம், அடுத்ததற்கு 50. அனஹைம் நகரம் தன் பேஸ்பால் அரங்க நிலத்தை 32 கோடி டாலருக்கு விற்க முனைந்தபோது, 2021 டிசம்பரில் அந்தத் துறை நோட்டீஸ் அனுப்பியது. சமரசத்தில் 9.6 கோடி டாலரை வீட்டுவசதிக்கு ஒதுக்கப் பேச்சு முடிந்தது. மறு மாதமே மேயர் மீதான ஊழல் விசாரணை வெளிவர, நகரசபை விற்பனையையே கைவிட்டது.

எல்லாவற்றையும் விட வலுவானது சமூகப் பயன் ஒப்பந்தம். 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேபிள்ஸ் சென்டர் விரிவாக்கத்தின்போது, அண்டை மக்களின் கூட்டமைப்பு, கட்டும் நிறுவனத்தோடு நேரடியாகக் கையெழுத்திட்டது. பூங்காவுக்கு 10 லட்சம் டாலர், 70 சதவீத வேலைகளுக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி என்பது இலக்கு, 20 சதவீத மலிவு வீடு. கவுண்டி மட்டும் கையெழுத்திட்டால், மீறலைத் தட்டிக் கேட்பது கவுண்டியின் விருப்பம். மக்கள் அமைப்பும் கையெழுத்திட்டால் அது நம் உரிமை.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவின் நிகழ்ச்சி நிரல் மின்னஞ்சலுக்குப் பதிந்துகொள்ளுங்கள். ‘குத்தகை’, ‘உபரி’ என்ற சொல் வந்த வாரம், மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எத்தனை நிரந்தர வேலை? பூங்கா எந்தத் தேதியில் திறக்கும்? திறக்காவிட்டால் யார் எவ்வளவு கட்டுவார்? மைக் முன் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். இந்த மூன்றையும் கேட்க அது போதும்.